வழி தவறுவதில் நாம் முன்னோடிகள் அல்லர்

பிப்ரவரி 9: ஒரு வாசகரின் கேள்வி

"கைபேசி வழிகாட்டி வந்த பின்பு மனிதர்கள் திசையறிவைத் தொலைத்துவிட்டார்கள் என்பது என் கருத்து. விண்மீனைப் பார்த்துக் கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போகக்கூட ஒரு குரலின் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள். இதை யாராவது மறுக்க முடியுமா?"

பிப்ரவரி 9, இரவு

மறுக்கலாம். விண்மீனைப் பார்த்துக் கடல் கடந்தவர் கப்பலுக்கு ஒருவர்தான். மற்றவர்கள் பாய்மரத்தை இழுத்தார்கள், துடுப்பு வலித்தார்கள், அல்லது தலைசுற்றிப் படுத்திருந்தார்கள். நாம் அந்த ஒருவரின் வழித்தோன்றல்கள் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, நான் படுத்திருந்தவரின் பரம்பரை. விடுதி அறையை விட்டு வெளியே வந்தால், மின்தூக்கி இருக்கும் பக்கத்துக்கு நேரெதிர்ப் பக்கமாகவே என் கால்கள் திரும்பும். கைபேசி பிறப்பதற்கு முன்பும் இப்படித்தான் திரும்பின. இல்லாத ஒன்றை என்னிடமிருந்து எந்தக் கருவியும் பறித்திருக்க முடியாது.

கப்பலின் அந்த ஒருவரும் எப்போதும் சரியாகச் சொன்னதாக வரலாறு இல்லை. 1707-இல் இங்கிலாந்துக் கடற்படை ஒன்று ஜிப்ரால்டரிலிருந்து வீடு திரும்பும்போது, தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு கப்பல்கள் மூழ்கின. தளபதி உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிடம் வரைபடமும் திசைகாட்டியும் அனுபவமும் இருந்தன. இல்லாமல் போனது கிழக்கு மேற்காகத் தாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை அளக்கும் வழி. வடக்கு தெற்கு நிலையைச் சூரியனின் உயரத்தைக் கொண்டு அறியலாம். கிழக்கு மேற்கு நிலைக்கு, அதாவது தீர்க்கரேகைக்கு, அப்படி எந்த அடையாளமும் வானத்தில் எளிதாகக் கிடைக்காது.

1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. வானியலாளர்கள் நிலவையும் விண்மீன்களையும் பார்த்துக்கொண்டிருக்க, ஜான் ஹாரிசன் என்ற தச்சர் கடிகாரம் செய்தார். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்வதால், புறப்பட்ட துறைமுகத்தின் நேரம் கையில் இருந்தால், உச்சிவெயிலின்போது அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நம் தீர்க்கரேகையைச் சொல்லிவிடலாம். நான்கு நிமிட வேறுபாடு ஒரு பாகை. அவருடைய நான்காவது கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் 81 நாள் அலைக்கழிந்தும், முன்பே அறிந்திருந்த அன்றாடப் பிழையைக் கழித்த பின், ஐந்து விநாடி அளவுக்கே பின்தங்கியது. பரிசுக்குழு உடனே மகிழ்ந்து பணத்தை நீட்டிவிடவில்லை. மேலும் சோதனை, மேலும் நிபந்தனை, மேலும் ஒரு கடிகாரம் என்று இழுத்தடித்து, மன்னர் வரை முறையீடு போய், 1773-இல் நாடாளுமன்றமே தலையிட்ட பிறகுதான் கடைசித் தொகை வந்தது. அப்போது ஹாரிசனுக்கு வயது 80. அலுவலக வரிசைகளில் நிற்கும்போது நான் நினைத்துக்கொள்ளும் மனிதர் இவர்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் ஒன்று பாக்கி. ஹாரிசனின் வழிமுறை முடிந்துபோன கதை அன்று. உங்கள் கைபேசி இன்றும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் இடம் சொல்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக்கடிகாரங்களைச் சுமந்துகொண்டு சுற்றுகின்றன. அவை ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது" என்று அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அறிவிப்பு வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கைபேசி தொலைவைக் கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டறிய மூன்று செயற்கைக்கோள்கள் போதுமே என்று தோன்றும். நான்காவது எதற்கென்றால், கைபேசியில் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் 30 சென்டிமீட்டர் தவறும்.

இதில் ஐன்ஸ்டைனும் வருகிறார். உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் அந்தக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 45 மைக்ரோவிநாடி முந்துகின்றன. வேகமாகப் பறப்பதால் 7 மைக்ரோவிநாடி பிந்துகின்றன. நிகரமாக 38 முந்துகின்றன. இதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் பிழை சேரும்.

இவ்வளவையும் நான் அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஒரு கட்டடத்தின் பின்புறச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று கைபேசி மகிழ்ச்சியோடு அறிவித்திருந்தது. "ஐன்ஸ்டைனைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் வாசற்கதவையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்" என்று அக்கா சொன்னார்.

நியாயமான குறைதான். ஆனால் குற்றம் செயற்கைக்கோளின் மேல் இல்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை விண்ணிலிருந்து அளந்துவிடலாம்; வாசல் எந்தப் பக்கம் என்பதை யாரோ ஒருவர் வந்து பார்த்து எழுதினால்தான் உண்டு.

பிப்ரவரி 12

லண்டனின் கிரீன்விச்சுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு. ஆம், அங்கே போயிருக்கிறேன். வானாய்வகத்தின் முற்றத்தில் தீர்க்கரேகையின் சுழியக் கோட்டை உலோகப்பட்டையாகப் பதித்திருக்கிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் வருபவர்கள் வரிசையில் நின்று, ஒரு காலைக் கிழக்கிலும் மறு காலை மேற்கிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் வரிசையில் நின்றேன். முறை வந்ததும் கைபேசியைத் திறந்து பார்த்தால் தீர்க்கரேகை சுழியமாக இல்லை. ஜிபிஎஸ்ஸின் சுழியம் அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் போகிறது.

யாரும் கவனக்குறைவாகக் கோடு போட்டுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைநோக்கியைச் செங்குத்தாக நிறுத்தப் பாதரசத் தட்டைப் பயன்படுத்தினார்கள். பாதரசம் அந்த இடத்தின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு நிற்கும். பூமி எல்லா இடத்திலும் ஒரே சீரான பொருள் அன்று என்பதால், அந்த இடத்துச் செங்குத்து பூமியின் மையத்தை இம்மியளவு தவறவிடுகிறது. செயற்கைக்கோள்களோ பூமியின் நிறைமையத்தைச் சுற்றுகின்றன. இரண்டு அளவீடுகளும் சரி, இரண்டின் சுழியமும் வேறு. பூங்காவின் அந்த உண்மையான சுழியத்தில் யாரும் காலை அகட்டி நிற்கவில்லை. அங்கே வரிசையே கிடையாது என்பதைப் பயணிகள் கவனிக்கவும்.

கிரீன்விச்சைச் சுழியமாகத் தேர்ந்தது 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு. பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கியது. பிறகு 1911-இல் அதே நேரத்தை ஏற்க வேண்டி வந்தபோது, கிரீன்விச் என்ற பெயரையே எழுதாமல், "9 நிமிடம் 21 விநாடி தாமதிக்கப்பட்ட பாரிஸ் சராசரி நேரம்" என்று சட்டம் இயற்றிக்கொண்டது. கூட்டுக்குடும்பங்களில் இந்தத் திறமையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாடாளுமன்றம் அதைச் செய்தது என்பது ஆறுதலாக இருக்கிறது.

பிப்ரவரி 13

"பழைய தலைமுறை வரைபடத்தையாவது விரித்துப் படித்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விரித்தது. மறுபடி மடிக்கத் தெரிந்த எவரையும் நான் சந்தித்ததில்லை.

பிப்ரவரி 15

விளையாட்டாக எழுதிவிட்டேன், அந்தக் கருத்துக்கு ஒழுங்கான விடை வேண்டும். வடக்கு மேலே, முழு நாடும் ஒரு தாளில் என்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு சாதாரணப் பயணிகள் வழி கண்டுபிடித்தது வரலாற்றில் மிகக் குறுகிய காலம்தான். அதற்கு முன்பு அவர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் அடுத்தது என்ன ஊர், எவ்வளவு தூரம் என்ற பட்டியல். வியன்னாவில் இருக்கும் பொய்ட்டிங்கர் வரைபடம் ரோமானியச் சாலைகளைக் காட்டும் மூலமொன்றின் இடைக்காலப் படி. ஏறத்தாழ 6.75 மீட்டர் நீளம், 34 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்குள் அடங்குவதற்காக மத்தியதரைக் கடலையே ஓர் ஓடையாக நசுக்கியிருக்கிறார்கள். நிலத்தின் வடிவம் வேண்டுபவர் இதைப் பார்த்தால் அழுதுவிடுவார். சாலையில் போகிறவருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

1675-இல் ஜான் ஓகில்பி இங்கிலாந்து, வேல்ஸ் சாலைகளை நூறு தாள்களில் வெளியிட்டார். ஒவ்வொரு சாலையும் சுருள்நாடாவாகக் கீழிருந்து மேலே போகிறது. பயணி எப்போதும் மேல்நோக்கியே போவார். சாலை வளையும்போது வளைவது அருகில் வரைந்த திசைகாட்டிதான். வடக்கு ஒரு நாடாவில் மேலே இருக்கும், அடுத்ததில் பக்கவாட்டில் இருக்கும். 1920களில் இதே நாடாவைச் சிறிதாக்கி, மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கையால் உருட்டிப் பார்க்கும் கருவியாகவும் பிரிட்டனில் விற்றார்கள். எனவே, கைபேசியில் நீலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் இன்றைய இளைஞர், முன்னோரின் வழக்கத்தை முறித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஓகில்பியின் வாடிக்கையாளர் அவரைப் பார்த்தால், நாடா தானே உருள்கிறதே என்று மட்டும்தான் வியப்பார்.

இடையில் வந்த ஒரு கருவியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1981-இல் ஹோண்டா நிறுவனம் கார்களுக்கென ஒரு வழிகாட்டியை விற்றது. செயற்கைக்கோள் உதவி எதுவும் இல்லை. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வாயுவால் இயங்கும் சுழல்காட்டி உணரும், சக்கரம் தூரத்தைச் சொல்லும், திரையில் ஒரு புள்ளி நகரும். அந்தத் திரையின்மேல் வரைபடம் அச்சிட்ட கண்ணாடித்தாளை ஓட்டுநரே செருக வேண்டும். தாள் முடிந்தால் அடுத்த தாள். உலகின் ஓரம் வந்துவிட்டது என்று ஒருவர் காரை நிறுத்தித் தாளைத் தேடும் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 16

9-ஆம் தேதி கப்பலுக்கு ஒருவர் என்று சொன்னேன். அந்த ஒருவரைப் பற்றி இப்போது எழுதாவிட்டால் இந்தப் பேச்சு நொண்டும்.

மைக்ரோனேசியாவின் சாடவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக், 1976-இல் ஹோக்குலேயா என்ற இரட்டைத்தோணியை ஹவாயிலிருந்து தாஹிதிக்குச் செலுத்தினார். கையில் கருவி ஏதுமில்லை. அந்தக் கடல் அவருக்குப் பழக்கமான கடலும் அன்று. விண்மீன்கள் எழும் இடம், விழும் இடம், அலைகள் தோணியைத் தூக்கும் விதம், பறவைகள் ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மாதத்தில் தோணியைக் கரைசேர்த்தார்.

அவருடைய மரபில் தூரத்தைக் கணக்கிடும் முறைக்கு 'எட்டாக்' என்று பெயர். அதில் தோணி நகர்வதில்லை! தோணி விண்மீன்களுக்குக் கீழே அசையாமல் நிற்கிறது. தீவுகள்தான் அதைக் கடந்து பின்னோக்கிப் போகின்றன. பக்கவாட்டில், அடிவானத்துக்கு அப்பால், கண்ணுக்கே தெரியாத ஒரு தீவைக் குறியாக வைத்துக்கொண்டு, அது எந்த விண்மீனுக்குக் கீழிருந்து எந்த விண்மீனுக்குக் கீழே போயிருக்கிறது என்று மனத்தில் நகர்த்திக்கொண்டே வருவார்கள்.

இப்போது கைபேசியைப் பாருங்கள். நடுவில் அம்புக்குறி அசையாமல் நிற்கிறது. தெருக்கள்தான் பின்னால் போகின்றன. இது தற்செயல் அன்று. 1985-இல் அமெரிக்காவில் வந்த முதல் கணினிக் கார்-வழிகாட்டிகளில் ஒன்று இப்படித்தான் காட்டியது. வரைபடம் ஒலிநாடாப் பேழைகளில் இருந்தது. காரை நடுவில் நிறுத்தி உலகத்தைச் சுற்றியது. அந்த நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் எட்டாக்.

ஆகவே வாசகரின் கேள்விக்கு என் விடையைச் சற்று மாற்றி வைக்கிறேன். வழிகாட்டித் திரையில் நாம் பார்ப்பது பசிபிக் கடலோடிகளின் தலைக்குள் இருந்த அதே படம். அவர்கள் அதைத் தாங்களே நகர்த்தினார்கள். நமக்கு வேறொன்று நகர்த்தித் தருகிறது. நாம் நடுவில் நிற்கும் மரியாதையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 18

லண்டன் வாடகைக்கார் ஓட்டுநர்களை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உரிமம் பெற விரும்புபவர்கள், நகர நடுவில் உள்ள சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தொலைவுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். இதற்குப் பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுடைய மூளையில், இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டியது. முன்புறம் சிறிதாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

2017-இல் லண்டனிலேயே இன்னொரு ஆய்வு. சோகோ பகுதித் தெருக்களைத் திரையில் காட்டி வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தானே வழி தேடுபவர் பல கிளைகள் பிரியும் தெருவுக்குள் நுழையும்போது ஹிப்போகேம்பஸ் விழித்தெழுந்தது. கருவியின் சொல்கேட்டு நடந்தபோது அது தெருக்களைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

எனவே வாசகர் பாதி வென்றார். ஆனால் மீதிப் பாதியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கைபேசி வருவதற்கு முன்பு பயணங்களில் நான் அக்காவின் முதுகைப் பார்த்தபடி நடந்தேன். அந்த நகரங்களில் எனக்கு நினைவிருப்பது அவருடைய தோள்பையின் நிறம்தான். என் ஹிப்போகேம்பஸ் அப்போதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான் இருந்திருக்கும். கருவி வந்ததும் வேலையை இழந்தவர் அக்கா, நான் இல்லை.

பிப்ரவரி 20

கருவியை நம்பி ஏமாந்தவர்களின் பட்டியலை அனுப்பியவருக்கு நன்றி. 2009-இல் இத்தாலியின் காப்ரித் தீவுக்குப் புறப்பட்ட ஸ்வீடன் நாட்டுத் தம்பதியர், எழுத்து இடம் மாறியதால் வடக்கே கார்ப்பி என்ற தொழில்நகரத்துக்குப் போய், புகழ்பெற்ற நீலக்குகை எங்கே என்று விசாரித்தார்கள். தீவுக்குப் போகும் வழியில் கடல் குறுக்கிடவே இல்லையே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. 2012-இல் ஆஸ்திரேலியாவில் ஜப்பானியப் பயணிகள் சிலர் ஒரு தீவை நோக்கி நேராகக் காரைக் கடலுக்குள்ளேயே ஓட்டினார்கள். 2016-இல் ஐஸ்லாந்தில் ஒருவர், தெருப்பெயரில் ஓரெழுத்து கூடிவிட்டதால், தலைநகரத்து விடுதிக்குப் பதிலாக நாட்டின் வடகோடி மீன்பிடி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

சிரித்தேன். ஆனாலும் தாள் வரைபடங்கள் இதற்குக் குறைந்தவை அல்ல. 1798-இல் ஜேம்ஸ் ரென்னல் மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே 'காங் மலைகள்' என்றொரு மலைத்தொடரை வரைந்தார். ஏறத்தாழ நூறாண்டு எல்லோரும் அதைப் படியெடுத்தார்கள். 1880களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி பின்ழே நேரில் போய்ப் பார்த்தபோது அங்கே மலைத்தொடரே இல்லை. பவளக் கடலில் சாண்டி தீவு என்ற ஒன்று நம் காலத்து எண்ம வரைபடங்கள் வரை உயிரோடு இருந்தது. 2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வுக்கப்பல் அந்த இடத்துக்குப் போய் ஆழம் பார்த்தபோது 1,300 மீட்டருக்கும் மேல் வெறும் தண்ணீர்.

எனக்கு மிகவும் பிடித்தது அக்லோ. 1930களில் அமெரிக்க வரைபட நிறுவனம் ஒன்று, தன் உழைப்பை யாராவது திருடினால் பிடிப்பதற்காக, நியூயார்க் மாநிலத்தில் ஒரு மண்சாலைச் சந்திப்பில் இல்லாத ஊரொன்றைப் போட்டு அக்லோ என்று பெயரிட்டது. சில ஆண்டுகளில் போட்டி நிறுவனத்தின் வரைபடத்திலும் அக்லோ தோன்றியது. திருடர் அகப்பட்டார் என்று இவர்கள் மகிழ, அவர்கள் சொன்ன விடை: அங்கே அக்லோ பல்பொருள் அங்காடி இருக்கிறதே, போய்ப் பாருங்கள். உண்மைதான். யாரோ ஒருவர் அந்த இடத்தில் கடை கட்டி, வரைபடத்தைப் பார்த்து, ஊரின் பெயர் இதுவாயிற்றே என்று கடைக்கு வைத்திருந்தார். வரைபடத்தை நம்பிக் கடலுக்குள் போனவர்களைவிட, நம்பி ஓர் ஊரையே தொடங்கிவைத்த இவர் எனக்கு மேலானவராகத் தெரிகிறார்.

பிப்ரவரி 21

"குறுக்குவழியை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்ற கேள்விக்கு அடிப்படை விடை, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் கண்டது. கடைகளில் சுற்றிக் களைத்து, தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இல்லாமல் சுமார் 20 நிமிடத்தில் அந்த வழிமுறையைத் தலைக்குள்ளேயே முடித்தார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். புறப்படும் இடத்திலிருந்து மிக அருகில் உள்ளதை முடிவுசெய், அதிலிருந்து அடுத்த மிக அருகிலுள்ளதைப் பார், இப்படியே விரிந்துகொண்டு போ என்பதுதான் சாரம். அந்தப் பெண் அந்த 20 நிமிடமும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் என் கேள்வி.

போக்குவரத்து நெரிசலை வழிகாட்டிகள் கைபேசிகளின் வேகத்தைக் கொண்டு அறிகின்றன. 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 கைபேசிகளை ஒரு சிறு தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு காலித்தெருவில் மெதுவாக நடந்தார். வரைபடத்தில் அந்தத் தெரு சிவந்துபோனது.

பிப்ரவரி 24

இரண்டு வாரமாக இதைப் பேசிய பிறகு ஒரு சோதனையாவது செய்யாவிட்டால் முறையாகாது என்று அக்கா கருதினார். முன்பின் தெரியாத ஒரு நகரத்தில், புறப்படும் முன் வரைபடத்தை ஒருமுறை வடக்கு மேலே இருக்கும்படி பார்த்துவிட்டு, கைபேசியைப் பைக்குள் போட்டுவிட வேண்டும்; இந்த முறை நான் முன்னால் நடக்க வேண்டும் என்பது விதி.

முதல் சந்திப்பிலேயே எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது: முன்னால் நடப்பவர் எதையாவது பார்த்தே ஆக வேண்டும். கடிகாரக் கோபுரம் இடப்பக்கம் இருந்தது; திரும்பி வரும்போது அது வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆறு சரிவின் அடியில்தான் ஓடும், எனவே இறக்கம் நமக்குச் சாதகம். வெயில் முதுகில் விழுகிறது. இவை யாவும் எவருக்கும் தெரிந்த செய்திகள். எனக்கு மட்டும் அவை தேவைப்படாமலே இருந்தன. வழக்கமாக நான் திரும்பியிருக்கக்கூடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்புவது என்ற உத்தியையும் கையாண்டேன். அது பெரும்பாலும் பலித்தது. இரண்டு இடங்களில் மனிதர்களிடம் கேட்டோம். அவர்கள் எதிரெதிர்த் திசைகளைக் காட்டினார்கள், இருவரும் மிகுந்த நம்பிக்கையோடு. போய்ச்சேர அதிக நேரம் ஆயிற்று, ஆனால் போய்ச்சேர்ந்தோம். அந்த நகரத்தை இப்போதும் என்னால் தாளில் வரைந்து காட்ட முடியும்.

அக்காவுக்கு வந்த நிலை வேறு. பின்னால் நடந்த அவர், எந்த வழியாக வந்தோம் என்றே தெரியவில்லை என்று இரவு ஒப்புக்கொண்டார். 2017 ஆய்வை விளக்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 25

வடக்கை மேலே நிறுத்தும் அமைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டவருக்கு: பெரும்பாலான வரைபடச் செயலிகளில் வரைபடத்தைச் சற்றுத் திருப்பினால் மூலையில் சிறு திசைகாட்டிக் குறி தோன்றும், அதைத் தொட்டால் வடக்கு மேலே போய்விடும். குரல்வழி வழிகாட்டல் ஓடும்போது இதற்கான தேர்வு அமைப்புகளுக்குள் தனியாக இருக்கும். தெற்கு நோக்கிப் போகும்போது அம்புக்குறி கீழ்நோக்கி நகர்வதைக் கண்டு முதல் சில சந்திப்புகளில் இடமும் வலமும் குழம்பும். அந்த நேரத்தில் வண்டியை ஓட்டுபவர் நீங்களாக இருக்க வேண்டாம்.